நாறுவது சாணி இல்லைங்க

நம்ம கடமலை-மயிலை ஒன்றியத்துப் பக்கம் வருகிற டவுன்காரர்கள், தெருவோரக் குப்பைமேட்டைப் பார்த்ததும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்: "இந்த ஊர்க்காரங்களுக்குச் சுத்தமே கிடையாதுப்பா." தூய்மை பற்றிப் பேச வருகிற அதிகாரிகளும் அதையேதான் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார்கள்: "மேட்டை அப்புறப்படுத்துங்க." சரிங்க, எங்கே கொண்டுபோய்? அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு மாடு நாளைக்கு 10 கிலோ சாணி போடும் என்று வையுங்கள். வருஷத்துக்கு மூன்றரை டன்னுக்கு மேல். பச்சைச் சாணியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். தழைச்சத்து 100 கிலோவுக்கு 300 கிராம் போல இருக்கும். அப்படியானால் ஒரு மாட்டின் ஒரு வருஷச் சாணியில் சுமார் 11 கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்குச் சற்று மேல். ஆக, அரை மூட்டை.

"இவ்வளவுதானா?" என்பீர்கள். யூரியா பயிருக்குத்தான் சோறு போடும், மண்ணுக்குப் போடாது. மண்ணைப் பொலபொலவென்று வைத்து, பெய்த மழையைப் பிடித்து நிறுத்துவது எருதான். மானாவாரிக் காட்டுக்கு அதுதான் உயிர். இதில் மூத்திரத்தின் சத்தை நான் சேர்க்கவே இல்லை.

இந்த வித்தை ஒன்றும் புதுசில்லை. சாணி, மூத்திரம் ஊறிய மண், பயிர்க்கழிவு, சாம்பல் எல்லாவற்றையும் அடுக்கி, ஈரம் காத்து, புரட்டி மக்கவைப்பதைத்தான் ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் இந்தூரில் ஆராய்ந்து 1931-இல் புத்தகமாகப் போட்டார்கள். 20 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழத்தில் ஒரு குழி. நிரம்பியதும் மேலே சாணிமண் பூசி மூடினால் நாற்றமும் இல்லை, ஈயும் இல்லை. நாலைந்து மாதத்தில் எரு.

அப்புறம் ஏன் தெருவில் கொட்டுகிறார்கள்? குழி வெட்ட அவர்களுக்கு இடம் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

தோட்டம் உள்ளவன் தோட்டத்து மூலையில் கொட்டிக்கொள்கிறான். அவன் வீட்டு வாசல் சுத்தமாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு மாட்டை வைத்து, சொசைட்டிக்குப் பால் ஊற்றி, கூலிக்கும் போகிற அக்காமார் பலருக்குக் குடியிருக்கும் சென்ட் இடத்தைத் தவிர வேறு மண் கிடையாது. நிலமற்ற விவசாயக் கூலிகளுக்கு என்றே 2011-இல் அரசாங்கம் விலையில்லாமல் 4 ஆடு கொடுத்தது. நல்ல திட்டம்தான். ஆனால் நிலம் இல்லை என்று பார்த்து ஆடு கொடுத்தவர்கள், அதன் புழுக்கையை எங்கே கொட்டுவார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தார்களா?

"கேஸ் போடலாமே" என்று சிலர் கேட்பார்கள். சாணியிலிருந்து எரிவாயு எடுக்க 2018-இல் மத்திய அரசு 'கோபர்தன்' திட்டம் கொண்டுவந்தது. ஒரு கனமீட்டர் வாயுவுக்குத் தினம் 25 கிலோ சாணி வேண்டும். ஒரு குடும்பத்துக்கு வைக்கிற 2 கனமீட்டர் கலனுக்கே 50 கிலோ, அதாவது நாலைந்து மாடு. ரெண்டு மாட்டுக்காரி என்ன செய்வாள்? கலன் வைத்தாலும் கழிவுக்கரைசல் வெளியே வரத்தான் செய்யும். அருமையான உரம் அது, ஆனால் அதை ஊற்றவும் நிலம் வேண்டும்.

இது எங்க ஊர்ப் பிரச்சினை என்று மட்டும் நினைக்காதீர்கள். மேட்டில் மழை பெய்தால் அந்தச் சாறு ஓடைக்குப் போகும். ஓடை மூல வைகைக்கு, மூல வைகை வைகை அணைக்கு. மதுரைக்காரர்கள் குடிக்கிறது அந்த அணைத் தண்ணீரையும்தான்.

கிரகப்பிரவேசத்துக்கு ஆன்லைனில் வறட்டி வாங்குகிறீர்கள். மாடித்தோட்டத்துக்குத் தொழுவுரத்தைப் பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். பாக்கெட்டில் வந்தால் உரம், எங்க தெருவில் கிடந்தால் அசிங்கமா?

கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் வெளியே, தலையில் கூடையோடு நடந்துபோகிற தூரத்தில், புறம்போக்கில் பொது எருக்களம் ஒதுக்குங்கள். நிலமில்லாத வீட்டுக்கு ஆளுக்கொரு குழி, அவர்கள் பேரிலேயே. உரக்குழி வெட்டுவது நூறு நாள் வேலைப் பட்டியலில் இருந்த வேலைதான். மக்கிய எருவை எடைபோட்டு ஊராட்சியே வாங்கட்டும். 2020-இல் சத்தீஸ்கர் அரசு கிலோ 2 ரூபாய்க்குச் சாணி வாங்கியது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

அபராதம், நோட்டீஸ் எல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் அந்த அக்கா கூடையை இறக்கிவைக்க ஒரு இடம் காட்டுங்க.