கொரிய எழுத்தும் கணினி எண்ணும்

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஆதலின் ஒவ்வோர் எழுத்திற்கும் ஓர் எண் விதித்தல் இன்றியமையாததாயிற்று. அவ்வெண்ணை விதிப்போர் மொழியின் இயல்பை நோக்காராயின், அம்மொழியினர் தம் சொல்லையே எழுதமாட்டாது இடர்ப்படுவர். கொரிய மொழியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாம்.

ஸேஜோங் மன்னர் 1443-இல் வகுத்து 1446-இல் வெளியிட்ட கொரிய எழுத்து இந்நாளில் ஹங்குல் எனப்படும். அதன்கண் இன்று அடிப்படை மெய் 14, உயிர் 10. ஓர் அசைக்குரிய எழுத்துக்களை ஒரு சதுரத்துள் அடுக்கி எழுதுதல் அவர் வழக்கம். இரட்டித்தனவும் கூடியனவும் உட்பட, அசையின் முதலில் நிற்பன 19. இடைநிற்கும் உயிர் 21. இறுதியில் நிற்பன 27. இறுதி இல்லாமையையும் ஒன்றாகக் கொள்ளின் 28. இவற்றைப் பெருக்க வரும் அசைகள் 11,172.

1987-இல் தென்கொரியா வகுத்த தரப்பட்டியலோ 94 வரிசையும் 94 நிரலுமாக 8,836 இடங்களே உடையது. அதனுள் 4,888 சீன எழுத்துக்களும் பிற குறிகளும் அமைய வேண்டியிருந்தமையின், மிகுதியாக வழங்கும் 2,350 அசைகளே தெரிந்தெடுக்கப்பட்டன. அருகி வழங்குவனவற்றை விடுதலால் வரும் இழுக்கென்னை எனச் சிலர் வினவலாம். 1990-இல் ஒளிபரப்பான தொலைக்காட்சி நாடகமொன்றின் பெயர் ‘த்தொம்’ என்னும் அசையால் தொடங்கிற்று. அவ்வசை பட்டியலில் இல்லை! வாயாற் சொல்லவும் கையால் எழுதவும் எளிதாகிய பெயர், அப்பட்டியலே கொண்ட கணினியில் எழுத இயலாததாயிற்று.

உலக மொழிகட்கெல்லாம் பொதுவாகிய யூனிக்கோடு 1991-இல் அந்த 2,350-ஐயே ஏற்றது. 1993-இல் 6,656 ஆக்கிற்று. 1996-இல் பழைய இடங்களை ஒழித்து, 11,172 அசைகளையும் 44,032 என்னும் எண் முதலாக ஒழுங்குபட நிறுத்திற்று. இப்பொழுது பட்டியலை நோக்க வேண்டுவதில்லை, கணக்கே போதும். பூச்சியம் முதலாக எண்ணி, முதலெழுத்தின் வரிசையெண்ணை 588-ஆலும் உயிரின் எண்ணை 28-ஆலும் பெருக்கி, இறுதியெழுத்தின் எண்ணைக் கூட்டி, 44,032-ஐச் சேர்க்க வேண்டும். ‘ஹன்’ என்னும் அசையில் ஹகரம் 18, அகரம் 0, இறுதி னகரம் 4. ஆகவே அதன் எண் 54,620. என்னே இதன் எளிமை!

ஆயினும் இது விலையின்றிக் கிடைத்ததன்று. பழைய எண்களில் எழுதிவைத்தவை புதிய முறைக்குப் பொருந்தாமற் போயின. ஒருமுறை எண் பெற்ற எழுத்தை இனி இடம் மாற்றுவதில்லை, நீக்குவதுமில்லை என்னும் உறுதிப்பாடு அதன் பின்னர் ஏற்பட்டது.

கொரியர்க்கு 11,172 இடம் அளித்தோர் தமிழின் 247 எழுத்துக்கட்கும் தனித்தனி இடம் அளியாதது முறையோ என நம்மவர் சிலர் கேட்பதுண்டு. யூனிக்கோட்டில் ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியுமாக இரண்டு எண்களால் அமைகின்றது. ஒவ்வோர் எழுத்திற்கும் ஓரெண் தரும் வேறொரு முறையையும் தமிழ்நாட்டு அரசு 2010-இல் யூனிக்கோட்டோடு ஏற்றுக்கொண்டது. எனினும் கொரியர் உற்ற குறை இடம் சுருங்கியதன்று. சில அசைகள் அறவே எழுத இயலாமற் போனமையே. தமிழில் அக்குறை இல்லை. ஆதலின் அவர்பால் நாம் கற்கவேண்டுவது எண்ணிக்கையன்று. மொழியின் அமைப்பையே விதியாகக் கொள்ளலும், காலந்தாழாது திருத்தலுமாம். இலக்கணமும் கணிதமும் ஒருங்கு கற்ற மாணவர் இத்துறையிற் புகுவாராயின், பின்னர் வருந்தாது முன்னரே காக்கலாம் என்பது எம் துணிபு.