நெம்மேலி மோட்டாரைக் கோவை செய்யட்டும்

சென்னையை அடுத்த நெம்மேலியில் 2013-லும் 2024-லும் திறக்கப்பட்ட, கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டு ஆலைகளும் சேர்ந்து நாளொன்றுக்கு 25 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறன் கொண்டவை. கடல்நீரைச் சவ்வு வழியே தள்ள ஏறத்தாழ 60 பார் அழுத்தம் வேண்டும். இவ்வகை ஆலைகளில் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. அதில் பெரும்பங்கு உயரழுத்த பம்பைச் சுழற்றும் மோட்டாருக்கே போகிறது. ஆகவே, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கச்சிதமான மோட்டாரை, பம்பு, மோட்டார் தொழிலுக்குப் பெயர்பெற்ற கோவையில் நாமே வடிவமைப்பது தண்ணீர்க் கொள்கையின் பகுதியாக வேண்டும். பெரிய மோட்டார்களின் செயல்திறன் 95 விழுக்காட்டை எப்போதோ தாண்டிவிட்டதே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஆலைகள் முழுத் திறனில் ஓடும்போது மின்செலவில் ஒரு விழுக்காடு குறைந்தாலே நாளுக்குக் குறைந்தது 7,500 யூனிட் மிச்சம். உருவம் சுருங்கினால் சூடு ஏறும் என்ற கவலையும் நியாயமானது. உப்புக்காற்றை உள்ளே விடாத மூடிய உறைக்குள் நீர்க்குளிர்ப்பு அதற்கு விடை. இத்தகைய மோட்டாருக்கான நிலைக்காந்தத்துக்குச் சீனாவை நம்ப வேண்டுமே என்றால், நிலைக்காந்தம் இல்லாத ரிலக்டன்ஸ் மோட்டார்களும் இருக்கின்றன. நெம்மேலிக்குப் பக்கத்துப் பேரூரின் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் ஆலையில் ஒரு பம்பையாவது கோவை மோட்டார் சோதனைக்கு அரசு ஒதுக்க வேண்டும்.