மில்லுக்குள் யாருக்குக் காது கேட்கிறது?

காது கேளாத, பார்வையில்லாத பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கச் சின்னக் கடைகளால் ஏலாது, அது அரசாங்கத்தின் பாடு என்கிறார்கள் வணிகர்கள் சிலர். இலங்கையில் அரசசேவை வெற்றிடங்களில் 3 வீதம் இயலாமை உள்ளவர்களுக்கு என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. ஆனால் இயலாமை உள்ளவர்களின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அரசாங்கத்தோடு நிற்கவில்லை. எந்த வேலைக்கு ஆள் எடுத்தாலும் இயலாமையைக் காட்டி ஒதுக்கக்கூடாது என்கிறது.

"கூப்பிட்டால் கேளாது, மெசினுக்குக் கிட்ட விடலாமோ?" இதுதான் அந்த வணிகர்களுடைய பெரிய வாதம். எங்கள் ஊர் மிளகாய்த்தூள் மில்லுக்குள் ஒருக்கால் நின்று பாருங்கள். பெல்ட் ஓடத் தொடங்கினால் முதலாளி கத்துவது ஒருவருக்கும் கேளாது. இரண்டு விரல் காட்டினால் இரண்டு கிலோ, உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிப்பாட்டு. காது கேட்கிறவர்களே சைகையில்தான் பிழைக்கிறார்கள். காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்குமான கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்து வருகிற கேளாத பிள்ளைக்கு இதைப் பழக்க எத்தனை நாள் வேண்டும்?

பழக்க நேரமில்லையாம். மனைவியின் தமையன் மகன் வந்தால் மட்டும், கல்லாவில் கணக்குப் பிழைக்கப் பிழைக்க ஆறுமாதம் பொறுப்பீர்கள்!

வாய்க்காலுக்கு மேலே உயர்ந்து நிற்கும் கடைப்படி சக்கர நாற்காலிக்கு உண்மையான தடைதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்குச் சாய்தளம் போடச் செலவு வரும். ஆனால் கேளாத பிள்ளைக்குப் படி எந்த வகையில் குறுக்கே நிற்கிறது?

வேலை கொடுத்துவிட்டு, "புண்ணியம்" என்று சொல்லி அரைச்சம்பளம் நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு வேறு வழக்கு உண்டு.