நாலந்தாவின் கற்றளி

மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் பெருவீதியில், நாலந்தாவிலே கிழக்கே திரும்பிச் சற்று நடந்தால், நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் ‘கெடிகே’ என்னும் சிறு கற்றளியைக் காணலாம். கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் எழுந்ததென அறிஞர் மதிப்பிடுவர். மாமல்லபுரத்தைக் கண்டவர்க்கு இதன் அமைப்புப் புதிதன்று. ஆயினும் பௌத்த ஆலயமென்றே பலர் கொள்வர்.

மாணவரோடு சென்றிருந்தபோது ஒருவன், “ஐயா, இது எங்களுடையதா, அவர்களுடையதா?” என்றான். விடை கூறாது, கல்லைப் பார்க்கச் சொன்னேன். சிகரத்தின் தென்புறத்திலே குபேரன் வீற்றிருக்கிறான். அவன் இருசாரார்க்கும் உரியவன் அல்லனோ? கூடுகளினூடே மனித முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. குள்ளப் பூதகணங்கள் வேறு. பிரான்ஸ் தேசத்துப் பழைய கிராமத் தேவாலயங்களிலும் கூரையடியில் இத்தகைய வேடிக்கை முகங்கள் உண்டு. எச்சமயத்துச் சிற்பிக்கும் சிரிக்கச் சிறிது இடம் வேண்டும் போலும்!

மகாவலித் திட்டத்தின் போவத்தென்னை நீர்த்தேக்கத்தால் இத்தளி 1970களில் நீருள் மறைய இருந்தது. கல் கல்லாகப் பிரித்து, மேட்டிலே மீண்டும் அடுக்கினர். ‘நம்முடையதன்று’ என அன்று எவரேனும் கைவிட்டிருந்தால், அம்மாணவன் வினவுவதற்கே அங்கு ஒன்றும் எஞ்சியிராது.

பஸ் புறப்படும்வரை அவன் அந்த முகங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.