முகம் எரிகிறதா? மெடிக்கல் ஷாப் க்ரீமை நம்பாதீங்க!

காலை ஷிஃப்டுக்குப் போக குன்றத்தூரில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது முகம் சாதாரணமாகத்தான் இருக்கும். ஒரகடம் போய், மாஸ்க் மாட்டி, மெஷின் சூட்டில் இரண்டு மணி நேரம் நின்றால் கன்னமும் மூக்கும் எரிய ஆரம்பிக்கும். பிரேக்கில் சூடாக டீ குடித்தால் இன்னும் ஏறும். "என்னப்பா, இந்த வயசுல பரு?" என்பார் பக்கத்து லைன்காரர். சாயங்காலம் மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம். இரண்டே நாளில் முகம் பளிச்!

வம்பு ஆரம்பிப்பதே அந்தப் பளிச்சில்தான்.

இது பருவாக இல்லாமல் ரோசேசியாவாக இருக்கலாம். முகத்து ரத்தக் குழாய்கள் சட்டென விரிந்து, அழற்சி நாள்பட்டுத் தங்கிவிடும் நோய் இது. பிறருக்குத் தொற்றாது. வெள்ளைத் தோலில் சிவப்பாகப் பளிச்சிடுவது நம்ம ஊர் நிறத்தில் சரியாகத் தெரியாது. அதனால்தான் பரு, வெயில், அலர்ஜி என்று ஆளுக்கொரு பெயர் வைக்கிறோம். எரிச்சல், குத்தல், சின்னக் கொப்புளங்கள், சிலருக்குக் கண் உறுத்தல். இவற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

கடையில் சும்மா வாங்கும் க்ரீம்கள் பலவற்றில் இருப்பது ஸ்டீராய்டு. அழற்சியை உடனே அமுக்கும். ஆனால் தொடர்ந்து தடவினால் தோல் மெலியும். நிறுத்தினால் எரிச்சல் முன்பைவிட மோசமாகத் திரும்பும், மறுபடி அதே ட்யூப். ரோசேசியா இல்லாதவருக்கே இந்த க்ரீம் அதைப் போன்ற முகத்தைத் தந்துவிடும். தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு தோல் மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. நாம் சீட்டில்லாமல் கேட்பதை நிறுத்தினோமா?

ரோசேசியாவை அடியோடு ஒழிக்க மருந்தில்லை, கட்டுக்குள் வைக்கலாம். மெட்ரோனிடசோல், ஐவர்மெக்டின், அசலாயிக் அமிலம் போன்ற பூச்சுகளில் எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். தினமும் சன்ஸ்க்ரீன் அவசியம். எலுமிச்சை, ஸ்க்ரப் வேண்டவே வேண்டாம். வெயில், காரம், மது, டென்ஷன் என எது கிளப்புகிறது என்று போனில் குறித்து வையுங்கள், ஆளுக்கு ஆள் மாறும்.

சூடே காரணம் என்றால் மருந்து மட்டும் போதுமா? லைனில் ஒரு ஃபேன், கொஞ்ச நேரம் சூட்டைவிட்டு விலகி நிற்க அனுமதி... கம்பெனிக்கு இது பெரிய செலவில்லை. "தோல்தானே" என்று கூச்சப்படாமல் சூப்பர்வைசரிடம் கேட்கலாம்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் க்ரீம் தடவுகிறவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம். ட்யூபைத் தூக்கிப் போடாமல் தோல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.