ஸ்பார்க் பிளக்கும் உழவு மாடும்

வானொலித் துறைக்கு வந்த புதிதில் ஒரு கதை படித்தேன். இன்றும் ஒலிவாங்கிக்கு முன் உட்காரும்போது அது நினைவுக்கு வரும்.

1975. கனடா நாட்டு வானொலியில் விவசாய நிகழ்ச்சி நடத்தி வந்த ஜோர்ஜ் அட்கின்ஸ், பயிலரங்கு ஒன்றுக்காக ஸாம்பியா போயிருந்தார். பேருந்துப் பயணத்தில் ஆப்பிரிக்க அறிவிப்பாளர் ஒருவரிடம், “அண்மையில் விவசாயிகளுக்கு என்ன நிகழ்ச்சி செய்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். டிராக்டரின் ஸ்பார்க் பிளக்கைப் பராமரிப்பது எப்படி என்று பேசினோம் என்பது பதில். உங்கள் நேயர்களில் எத்தனை பேரிடம் டிராக்டர் இருக்கிறது? மிக மிகக் குறைவு. அப்படியானால் அவர்களுக்கு உண்மையில் என்னதான் வேண்டும்? உழவு மாட்டை நோயில்லாமல் வளர்ப்பது எப்படி, சாணத்தை எருவாக்குவது எப்படி. இதைத்தான் கேட்பார்கள்.

அட்கின்ஸ் ஊர் திரும்பினார். 1979-இல், சிறு விவசாயிக்குப் பயன்படும் செய்திகளை மட்டும் நிகழ்ச்சிக் குறிப்புகளாக எழுதி, 26 நாடுகளில் இருந்த 34 ஒலிபரப்பாளர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார். இன்று ‘ஃபார்ம் ரேடியோ இண்டர்நேஷனல்’ என்ற பெயரில் இயங்கும் அமைப்பு அப்படிப் பிறந்ததுதான்.

‘மாட்டைப் பற்றி நமக்கென்ன, காலையில் பால் பேக்கட்டில் வந்துவிடுகிறதே’ என்று நினைக்காதீர்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை இருந்த காலம் ஒன்று உண்டு. எங்கள் பாட்டி இரண்டு பசு வைத்திருந்தார். பெருநாள் செலவு, பள்ளிச் சீருடை எல்லாம் பால் காசில்தான். மனிதருக்குக் காய்ச்சல் என்றால் தோட்டத்து டிரசர் இருந்தார். மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து லயத்துப் பெரியவர்தான் வைத்தியர். அவருக்குத் தெரிந்தால் மாடு பிழைக்கும்.

அந்தப் பெரியவரும் இல்லாத வீடுகள் உலகில் இன்னும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. கென்யாவை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டுப் பாலில் பெரும்பகுதி பெரிய பண்ணையிலிருந்து வருவதில்லை. ஒன்று முதல் ஐந்து மாடு, வீட்டோரம் கொஞ்சம் நேப்பியர் புல் என்று வாழும் குடும்பங்களிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் சினை ஊசி, உண்ணி ஒழிக்க மாட்டை மருந்துத் தொட்டியில் இறக்குவது, வைத்தியம் என்று பலவற்றையும் அரசாங்கமே ஏறக்குறைய இலவசமாகச் செய்து கொடுத்தது. 1980-களின் இறுதியில், கடன் கொடுத்த உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் செலவைக் குறைக்கச் சொன்னபோது அரசு மெல்ல மெல்லக் கையை விலக்கிக்கொண்டது. தனியார் வந்து நிரப்புவார்கள் என்றார்கள். நகரையொட்டிய செழிப்பான பகுதிகளில் வந்தார்கள். மண் சாலைக்கு அப்பால் இருக்கிற இரண்டு மாட்டுக்காரருக்காக மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் போட்டுக்கொண்டு யார் போவார்?

ஆலோசனை என்றதும் ஏதோ பெரிய விஞ்ஞானம் என்று நினைத்துவிடக் கூடாது. பசு 21 நாளுக்கு ஒருமுறைதான் சினைப்பருவத்துக்கு வரும். அதுவும் அரை நாள், மிஞ்சினால் முக்கால் நாள். காலையில் கத்துகிறது, மற்ற மாட்டின் மேல் தாவுகிறது, கண்ணாடி மாதிரி வழும்பு தொங்குகிறது என்றால் அன்று மாலை சினை ஊசி. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. தவறினால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 21 நாளும் மாடு தின்னும், கன்றும் இல்லை, அடுத்த பாலும் இல்லை. இரண்டு மூன்று முறை தவறவிட்ட வீட்டில் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் நின்றுபோகும்.

இன்னொன்று, கிழக்குக் கரைக் காய்ச்சல். கிழக்கு, மத்திய, தென் ஆப்பிரிக்க நாடுகளில் உண்ணியால் பரவும் நோய். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லியன் மாடுகளைக் கொல்வதாக மதிப்பிடுகிறார்கள். காதுக்குக் கீழே நெறி கட்டும், காய்ச்சல் ஏறும், பிறகு மூச்சு இரைக்கும். சில வாரங்களில் முடிந்துவிடும். மருந்து உண்டு. ஆனால் விலை அதிகம், நெறி கட்டிய தொடக்கத்திலேயே போட்டால்தான் பயன். மூச்சு இரைக்கிற நிலையில் கடைக்கு ஓடுகிறவர்தான் அதிகம்.

தடுப்பூசியும் உண்டு. 1970-களிலேயே கென்யாவின் முகுகா ஆய்வு நிலையத்தில் உருவானது. ஒரு முறை போட்டால் மாட்டின் ஆயுளுக்கும் காக்கும். பிறகென்ன சிக்கல்? இது உயிருள்ள கிருமி, திரவ நைட்ரஜனில்தான் வைத்திருக்க வேண்டும். ஒரு குழாயைத் திறந்தால் சுமார் 40 மாடுகளுக்கான மருந்து, சில மணி நேரத்துக்குள் போட்டு முடித்தாக வேண்டும். உங்களிடம் இருப்பது இரண்டு மாடு. மீதி 38 மாட்டை யார் சேர்ப்பது? ‘நாளை காலை எட்டு மணிக்குச் சந்தைத் திடலுக்கு மாட்டை ஓட்டி வாருங்கள்’ என்று யாராவது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு வானொலியைவிட மலிவான கருவி எனக்குத் தெரிந்து இல்லை. (தொழில் பாசத்தில் சொல்கிறேன் என்றாலும் உண்மை அதுதான்.)

கைத்தொலைபேசி வந்த பிறகு இன்னொரு வழியும் திறந்தது. சூ ககும்பு என்ற கென்யப் பெண்மணி 2011-இல் தொடங்கிய ‘ஐகவ்’ சேவை அப்படிப்பட்டது. திறன்பேசி வேண்டாம், இணையமும் வேண்டாம். மாடு சினையான தேதியைப் பதிந்தால், அந்தந்தக் கட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சாதாரணத் தொலைபேசிக்கே குறுஞ்செய்தி வரும். இப்போது பால் கறப்பதை நிறுத்துங்கள், கன்று பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள், இப்படி. பிரசவ நாளைக் கணக்குப் பார்த்துச் சொல்லும் மருத்துவச்சி மாதிரி.

ஒரு கேள்வி மட்டும் என்னை விடாமல் உறுத்துகிறது. இந்தச் செய்தி யார் கையில் போய்ச் சேருகிறது? பல சிற்றூர்களில் தொலைபேசி அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். வானொலிப் பெட்டியும் அவர் போகிற இடத்துக்குப் போகும். விடியலில் பால் கறக்கிறவர், மடி வீங்கியிருப்பதை முதலில் தொட்டு உணர்கிறவர் அம்மா. நல்ல நிகழ்ச்சியாகவே இருந்தாலும், அவர் அடுப்படியில் இருக்கிற நேரத்தில் ஒலியேறினால் காற்றோடு போனதுதான். ஆப்பிரிக்க நிலையங்கள் சில இதைப் புரிந்துகொண்டு, பெண்களைக் கேட்டு ஒலிபரப்பு நேரத்தை வைக்கின்றன. நேயர் ‘மிஸ்டு கால்’ கொடுத்தால் போதும், நிலையமே திரும்ப அழைக்கும் ஏற்பாடும் உண்டு. அழைப்புக் கட்டணம் கட்ட முடியாதவரின் கேள்வியும் அப்போதுதான் ஒலியேறும்.

ஆனாலும் குறுஞ்செய்தி ஊசி போடாது. ‘உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்’ என்று நானும் ஒலிவாங்கியில் சொல்லிவிடலாம், சுலபம். மருத்துவர் இல்லாத ஊரில் மக்கள் போவது மருந்துக் கடைக்குத்தான். அங்கே விற்கிறவரே வைத்தியர். காசுக்குத் தகுந்த மாதிரி பாதி அளவு எதிருயிரி மருந்து வாங்குவார்கள். ஊசி போட்ட மாட்டின் பாலை இத்தனை நாள் விற்கக் கூடாது என்று எவரும் சொல்வதில்லை, சொன்னாலும் அன்றைய பாலைக் கொட்டிவிட அந்த வீட்டுக்கு வசதி இல்லை. மருந்துக்கு அடங்காத கிருமி இப்படித்தான் வளர்கிறது.

என் எண்ணத்தில், ஊருக்குள்ளேயே ஓர் ஆளைத் தயார் செய்வதற்கு ஈடு எதுவும் இல்லை. சான்று இருக்கிறது. நூற்றாண்டுகளாக மாடுகளைக் கூண்டோடு அழித்த வெக்கை நோய், 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதருக்கு வரும் பெரியம்மைக்குப் பிறகு மனிதன் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அது. அதன் கடைசி மூலைகளான எத்தியோப்பியாவின் அஃபார், தெற்கு சூடான், உகாண்டாவின் கரமோஜா போன்ற இடங்களுக்கு அரசு வாகனம் போக முடியவில்லை. வெப்பத்தைத் தாங்கும் தடுப்பூசியைத் தூக்கிக்கொண்டு மந்தையோடு மந்தையாக நடந்தவர்கள், அந்தந்தச் சமூகமே தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஆட்கள். சில வாரப் பயிற்சி பெற்ற, படிப்பு அதிகம் இல்லாத மாடு மேய்ப்பவர்கள்.

அதே 2011-இல் கென்யாவில் கால்நடை மருத்துவத் தொழிலுக்கான புதிய சட்டம் வந்தது. முறையாகப் படித்துப் பதிவு செய்தவர் மட்டுமே தொழில் செய்யலாம் என்றது. சமூகப் பணியாளர்களுக்கு அதில் இடமில்லை. தவறான கையில் ஊசி போகக் கூடாது என்கிற மருத்துவர்களின் பயம் நியாயமானது, மருந்துக் கடைக் கதையை மேலே நானே சொன்னேன். ஆனால் வட கென்யாவின் வறண்ட மாவட்டங்களில் பதிவு பெற்ற மருத்துவர் ஒருவரைப் பார்க்க ஒரு நாள் முழுக்க நடக்க வேண்டும். மாடு படுத்துவிட்டால், அந்த ஊர்க்காரர்கள் இன்றும் முதலில் கூப்பிடுவது அந்தப் பழைய பணியாளரைத்தான்.