வளைந்த மூக்குத்தண்டும் பரம்பரைப் பேச்சும்

மூக்கடைப்பு என்று போன இடத்தில் "தண்டு வளைஞ்சிருக்கு" என்று இ.என்.டி. மருத்துவர் சொன்னதும், வீட்டில் தீர்ப்பு வந்துவிடுகிறது: "அவங்க அப்பாவுக்கும் இப்படித்தான். பரம்பரை. நாம என்ன பண்ண முடியும்?" இதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சை நம்பி, குழந்தையின் மூக்கில் பட்ட அடியை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இதை மறுக்க வேண்டியிருக்கிறது.

அப்பாவுக்கும் பிள்ளைக்கும் இருப்பதே பரம்பரைக்குச் சாட்சி என்பது முதல் வாதம். ஆனால் தண்டு என்று சொல்லப்படும், இரு நாசித்துளைகளுக்கும் நடுவே நிற்கும் சுவர் நேராக இருப்பவர்கள்தான் குறைவு. 1880-இல் லண்டன் மருத்துவர் மோரெல் மெக்கன்சி 2,000-க்கு மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்தார். நான்கில் மூன்றுக்கு மேல் வளைவு. 1978-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் கிரே வெளியிட்ட ஆய்வில் பெரியவர்களின் மண்டையோடுகளில் 79 சதவீதம் அப்படி இருந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள். உறவே இல்லாத இருவரைப் பக்கத்தில் நிறுத்தினாலும், பத்து ஜோடியில் ஆறு ஜோடிக்கு இருவருக்குமே வளைவு இருக்கும். அப்பாவுக்கும் இருக்கிறது என்பது அதனால் எதையும் நிரூபிப்பதில்லை. அந்த வளைவுகளில் பெரும்பாலானவை யாருக்கும் தொந்தரவு தருவதுமில்லை.

"அடியே படலையே, பிறகு எப்படி?" என்பது அடுத்த கேள்வி. கிரே 2,380 பச்சிளங்குழந்தைகளையும் பரிசோதித்தார். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பிறந்தபோதே சுவர் நேராக இல்லை. கருப்பையில் முகம் அழுந்திக் கிடப்பது, பிறப்புப் பாதையின் நெருக்கடி இரண்டையும் அவர் காரணமாகக் காட்டினார். சிசேரியனில் பிறந்தவர்களிடமும் வளைவு காணப்படுகிறது என்பதால் பிரசவத்தின் மேல் மட்டும் பழியைப் போடவும் முடியாது. பிறகு தவழும் வயது, நடை பழகும் வயது. கட்டில் விளிம்பில் இடித்துக்கொண்ட பிள்ளைக்கு இரத்தம் வராவிட்டால் அந்த அடி யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. ஆனால் குழந்தையின் மூக்கில் பெரும்பகுதி குருத்தெலும்புதான். அது உடையாமலே மடங்கும். முகம் வளர வளர அந்தச் சிறு மடிப்பும் சேர்ந்து வளர்ந்து, பதின்ம வயதில் அடைப்பாகத் தெரியவருகிறது.

குளிப்பாட்டும்போது மூக்கை நீவி விடாததால் வந்த வினை என்று தாயைக் குறை சொல்லும் வழக்கமும் இருக்கிறது. இது அநியாயம். விரலால் நீவுவது வெளிமூக்கை, வளைந்திருப்பது உள்ளே. வெளியே எடுப்பாக இருக்கும் மூக்குக்குள்ளும் சுவர் வளைந்திருக்கலாம். நீவுவதோடு மூக்கில் எண்ணெய் விடுவதும் சேர்ந்துகொண்டால், அந்த எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா வர இடமுண்டு. எண்ணெய் விடும் வழக்கத்தை அறவே விட்டுவிடுவது நல்லது.

மரபணுவுக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. வளைவு எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஜாக்ரெப் நகர மருத்துவர் ராங்கோ மிளாடினா 1987-இல் வளைவுகளை ஏழு வகையாகப் பிரித்தார். முன்பக்கக் குருத்தெலும்பில் செங்குத்தாக மடியும் வகைகளை அடியோடும், ஆழத்தில் எலும்பில் முள்போலக் கிடைமட்டமாக நீளும் ஐந்தாம் வகையையும், அடித்தளத்தில் ஒருபக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும் ஆறாம் வகையையும் பரம்பரையோடும் அவர் தொடர்புபடுத்தினார். ஒருபக்க உதட்டுப் பிளவோடு பிறக்கும் குழந்தைகளிடம் மரபணுவும் பிற காரணங்களும் கலந்தே இருக்கின்றன. பிளவுக்கு மரபணுவும் காரணம், கர்ப்பகாலச் சூழலும் காரணம். பிளவு வந்தபின் உதட்டுத் தசைகள் சமமின்றி இழுப்பதால் நடுச்சுவரும் ஒருபக்கம் சாய்கிறது.

"ஒண்ணும் பண்ண முடியாது" என்பதுதான் எனக்குப் பொறுக்க முடியாத பேச்சு. டென்மார்க்கில் ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையரில் ஒருவருக்குச் சிறுவயதில் மூக்குக்குள் சீழ் கட்டி நடுச்சுவரின் குருத்தெலும்பு முழுக்க அழிந்தது. மாற்றுக் குருத்தெலும்பு வைத்துச் சீரமைத்தும், பத்தாண்டுகள் கழித்து உடன்பிறந்தவரோடு ஒப்பிட்டபோது மூக்கும் மேல்தாடையின் முன்பகுதியும் பின்தங்கியிருந்தன. இருவருக்கும் மரபணு ஒன்றுதான்; வித்தியாசத்தை உண்டாக்கியது அந்தச் சீழ்.

இத்தகைய சீழ் பெரும்பாலும் அடிபட்டபின் வருவது. குருத்தெலும்புக்கென்று தனி இரத்தக் குழாய் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் சவ்வுதான் ஊட்டம் தருகிறது. அடிபட்டு இடையில் இரத்தம் கட்டினால் சவ்வு விலகும், மூன்று நான்கு நாட்களில் குருத்தெலும்பு அழுகத் தொடங்கும். எனவே கிரிக்கெட் பந்தோ ஊஞ்சல் பலகையோ பட்ட பிள்ளையின் மூக்கை நிமிர்த்தி, டார்ச் அடித்து இரு துளைகளுக்குள்ளும் பாருங்கள். நடுச்சுவரில் சிவப்பாகவோ ஊதாவாகவோ மெத்தென்ற புடைப்பு இருந்தாலோ, சளி இல்லாமலே பிள்ளை வாயால் மூச்சு விட்டாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டிய இரத்தத்தைச் சிறு கீறலில் வடித்துவிடுவார்கள்.